புகைக்கும் கணக்கு வேண்டும்!

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறை. ஆடிப் பெருக்கு நாள்.

ஒரு பாட்டி காவிரியில் முழுகி எழுகிறாள். மஞ்சள், பூ, காப்பரிசி வைத்துக் காவிரித் தாயைக் கும்பிடுகிறாள். பக்கத்தில் மகள். மகளின் கையைப் பிடித்தபடி பேரன்.

"பாட்டி, இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது?" என்று கேட்கிறான் பேரன்.

"மேட்டூர்லேயிருந்து வருது கண்ணு."

"வழியிலே என்னென்ன இருக்கு?"

பாட்டி விழிக்கிறாள். வழியில் ஊர்கள் இருக்கின்றன, கோவில்கள் இருக்கின்றன என்பது அவளுக்குத் தெரியும். ஆலைகளும் இருக்கின்றன என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அந்த ஆலைகள் யாருடையவை? அவை ஆற்றில் என்ன விடுகின்றன? அது அவளுக்குத் தெரியாது.

பாட்டிக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் உண்டு. பெரிய ஆலைகள் சிலவற்றுக்கு அவளும் ஒரு வகையில் முதலாளி!

சிரிக்க வேண்டாம். உண்மைதான்.

பாட்டி முதலாளி ஆனது எப்படி?

நாலு பேர் சேர்ந்து ஒரு கிணறு வெட்டுகிறார்கள். செலவை 100 பங்காகப் பிரிக்கிறார்கள். ஒருவர் 60 பங்குக்குப் பணம் போடுகிறார். மற்ற மூவரும் மீதி 40 பங்கைப் பிரித்துக் கொள்கிறார்கள்.

கிணறு நாலு பேருக்கும் சொந்தம். ஆனால், யார் பேச்சு எடுபடும்? 60 பங்குக்காரர் பேச்சுத்தான்.

கம்பெனியும் இந்தக் கிணறு போலத்தான். அதன் சொத்து பல லட்சம், பல கோடி பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பங்குச் சந்தையில் அந்தப் பங்கு தினமும் கைமாறுகிறது. ஒரு பங்கின் விலையை எல்லாப் பங்குகளாலும் பெருக்கினால் வருவதுதான், சந்தை அந்தக் கம்பெனிக்குப் போடும் மதிப்பு.

பாட்டி பங்குச் சந்தைப் பக்கமே போனதில்லை. ஆனால் அவளுடைய கணவர் காலமெல்லாம் எல்.ஐ.சி. பாலிசிக்குப் பணம் கட்டினார். 1956-ம் ஆண்டில் தொடங்கிய எல்.ஐ.சி., மக்கள் கட்டும் பணத்தில் பெரும் பகுதியை அரசாங்கக் கடன் பத்திரங்களில் போடுகிறது. ஒரு பகுதியைக் கம்பெனிப் பங்குகளில் போடுகிறது. நாட்டின் பெரிய கம்பெனிகளில் எல்.ஐ.சி.யின் பெயர் இல்லாத கம்பெனி அபூர்வம்.

மருமகன் துவாக்குடியில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். அவர் சம்பளத்தில் பிராவிடண்ட் பண்டு பிடிக்கிறார்கள். 2015-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல், அந்தப் பண்டில் புதிதாகச் சேரும் பணத்தில் ஒரு பகுதியும் பங்குச் சந்தைக்குப் போகிறது.

சட்டப்படி பங்குகள் எல்.ஐ.சி.யின் பெயரிலும் பண்டின் பெயரிலும் இருக்கின்றன. ஆனால் பணம் யாருடையது? பாட்டி குடும்பத்தைப் போன்ற கோடிக் கணக்கான குடும்பங்களுடையது.

ஆகவே, ஆலையின் புகையும் கழிவு நீரும் பாட்டியை இரண்டு வழியில் தொடுகின்றன. ஒன்று, அவள் முழுகும் தண்ணீர் வழியாக. மற்றொன்று, அவள் வீட்டுச் சேமிப்பு வழியாக.

திருச்சியைச் சுற்றி மூன்று முதலாளிகள்

திருச்சி மாவட்டத்திலேயே மூன்று விதமான முதலாளிகளைப் பார்க்கலாம்.

முதலாவது, திருவெறும்பூரில் உள்ள பாய்லர் ஆலை. திருச்சிக்காரர்கள் 'பெல்' என்றால் போதும். சின்னப் பிள்ளையும் வழி காட்டும். செக்கோஸ்லோவாகியா நாட்டின் உதவியுடன் 1965-ல் வந்தது. நாட்டின் பல அனல் மின் நிலையங்களுக்கு இங்கிருந்துதான் ராட்சத பாய்லர்கள் போயின. இந்தக் கம்பெனியில் 2025-ம் ஆண்டில் 100-க்கு 63 பங்கு மத்திய அரசாங்கத்திடம் இருந்தது. மீதி, எல்.ஐ.சி., மியூச்சுவல் பண்டுகள், பொதுமக்கள் ஆகியோரிடம்.

இரண்டாவது, மணப்பாறை பக்கம் மொண்டிப்பட்டியில் உள்ள அட்டை ஆலை. 2016-ல் உற்பத்தி தொடங்கியது. இது தமிழ்நாடு காகித நிறுவனத்தின் இரண்டாவது ஆலை. முதல் ஆலை, காவிரிக் கரையில் காகிதபுரத்தில் இருக்கிறது. இன்றைக்குக் கரூர் மாவட்டம். அந்த ஆலை வந்த காலத்தில் திருச்சி மாவட்டம். மரத்தை மட்டும் நம்பாமல், கரும்புச் சக்கையில் காகிதம் செய்து பெயர் வாங்கிய ஆலை அது. இந்த நிறுவனத்தைத் தொடங்கியது மாநில அரசாங்கம். அதன் கையில் இருப்பது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். ஆனாலும் நிர்வாகம் அதனிடம்தான்.

மூன்றாவது, கல்லக்குடியில் உள்ள டால்மியா சிமெண்டு ஆலை. 1939-ல் தொடங்கியது. முதலாளியின் பெயரையே ஊருக்கு வைத்து டால்மியாபுரம் என்றார்கள். அந்தப் பெயரை மாற்றக் கோரி 1953-ல் நடந்த போராட்டம் தமிழ்நாடு முழுவதும் அறிந்தது. இந்தக் கம்பெனியில் பாதிக்கு மேற்பட்ட பங்கு முதலாளி குடும்பத்திடம் இருக்கிறது.

மத்திய அரசாங்கம் ஒன்று. மாநில அரசாங்கம் ஒன்று. குடும்பம் ஒன்று. மூன்று பேர். மூன்று வழி. ஆனால் ஊர்க்காரன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "லாபம் எவ்வளவு என்று சொல்கிறீர்கள். கழிவு எவ்வளவு?"

லாபக் கணக்கில் வராதது

ஒரு வீட்டுக்காரி தன் வீட்டைப் பளபளவென்று பெருக்குகிறாள். குப்பையை எதிர் வீட்டு வாசலில் தள்ளுகிறாள். "என் வீடு எவ்வளவு சுத்தம் பாருங்கள்" என்கிறாள். அந்தப் பேச்சை யார் ஒப்புக்கொள்வார்கள்?

ஆனால் ஆலைகளின் கணக்குப் புத்தகத்தில் நெடுங்காலம் அப்படித்தான் நடந்தது. வாங்கிய நிலக்கரி செலவில் வந்தது. கொடுத்த கூலி செலவில் வந்தது. ஆற்றில் விட்ட சாயம் எந்தச் செலவிலும் வரவில்லை.

அந்தக் கணக்கை யார் தீர்த்தார்கள்? ஆற்றின் கீழ்ப் பக்கம் இருந்தவர்கள் தீர்த்தார்கள்.

நொய்யல் ஆற்றின் கதை இதற்குச் சாட்சி. நொய்யல், திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது. அது கலக்கும் இடம் திருச்சிக்கு மேற்கே, அதாவது பாட்டி முழுகும் படித்துறைக்கு மேல் பக்கம்.

திருப்பூர் பனியன் உலகப் புகழ் பெற்றது. சாயப்பட்டறைகள் பெருகின. சாயத் தண்ணீர் நொய்யலில் இறங்கியது. விவசாயத்துக்கென்று 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். அந்த அணையில் சாயத் தண்ணீர் வந்து தேங்கியது. பயிருக்குக் கட்டிய அணையைப் பார்த்து விவசாயிகளே, "எங்களுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம்" என்று சொல்லும் நிலை வந்தது.

வழக்கு நடந்தது. 2011-ம் ஆண்டு ஜனவரி மாதம் சென்னை ஐகோர்ட்டு, சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. தொழிலாளிகள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். கழிவு நீர் ஒரு சொட்டுக்கூட வெளியே போகாமல் சுத்தம் செய்தால்தான் திறக்கலாம் என்ற நிலை வந்தது.

பல ஆண்டுகள் எந்தக் கணக்கிலும் வராமல் இருந்த செலவு, ஒரே நாளில் வட்டியும் முதலுமாக வந்து நின்றது!

இந்தப் பட்டறைகள் பெரும்பாலும் குடும்பத் தொழில்கள். பங்குச் சந்தையில் இல்லாதவை. இத்தனை தண்ணீர் எடுத்தோம், இத்தனை உப்பு விட்டோம் என்று ஊருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை. ஆண்டுக்கு ஆண்டு சொல்லியிருந்தால், அணை கெடும் முன்பே ஊர் விழித்திருக்கும்.

திருச்சிக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. தோல் பதனிடும் சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில் 1996-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. "கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும்" என்ற விதியை அது நிலைநாட்டியது. சாலைக்கு 10 ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்த மாவட்டங்களின் வரிசையில் திருச்சியும் இருந்தது.

பெரிய இடத்துப் பொய்

"அவை சின்னப் பட்டறைகள். பெரிய கம்பெனி என்றால் அப்படி நடக்குமா?" என்று சிலர் கேட்கலாம்.

ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் கார் கம்பெனி உலகத்திலேயே பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று. போர்ஷே, பியக் என்ற உறவுக் குடும்பங்களிடம் பாதிக்கு மேற்பட்ட ஓட்டு. ஒரு மாநில அரசாங்கத்திடம் 100-க்கு 20 ஓட்டு. கத்தார் நாட்டிடம் 17 ஓட்டு. குடும்பமும் அரசாங்கமும் சேர்ந்து காவல் காத்த கம்பெனி!

அந்தக் கம்பெனியின் டீசல் கார்களில் ஒரு தந்திரம் செய்திருந்தார்கள். சோதனைச் சாலையில் கார் நிற்கிறது என்று தெரிந்தால், கார் நல்ல பிள்ளையாகப் புகையைக் குறைக்கும். ரோட்டுக்கு வந்தால் விஷப் புகையைக் கக்கும். அப்படி ஒரு கம்ப்யூட்டர் வித்தை. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இது இருந்தது.

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காரை ரோட்டில் ஓட்டிச் சோதித்தார்கள். அதிலிருந்துதான் குட்டு உடையத் தொடங்கியது. 2015-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி அமெரிக்க அரசாங்கம் உண்மையை வெளியிட்டது. அதற்கடுத்த இரண்டே சந்தை நாட்களில் கம்பெனியின் பங்கு விலையில் மூன்றில் ஒரு பங்கு பறந்தது. பிறகு அபராதம், நஷ்ட ஈடு என்று கம்பெனி இழந்தது 3 ஆயிரம் கோடி யூரோவுக்கு மேல்.

பாதி ஓட்டுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தும் பொய்யைத் தடுக்க முடியவில்லை. நஷ்டம் மட்டும் பங்கு வைத்திருந்த அத்தனை பேருக்கும் வந்தது. அவர்களில் எத்தனை பேர் நம் பாட்டியைப் போன்றவர்களோ!

தூத்துக்குடியில் நடந்தது

நம் நாட்டில் நடந்ததையும் பார்ப்போம்.

தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலை, ஆண்டுக்கு 4 லட்சம் டன் தாமிரம் தயாரிக்கக் கூடியது. அதன் மேல் வேதாந்தா கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு மேல் லண்டனில் ஒரு கம்பெனி. அதற்கு மேல் முதலாளியின் சொந்தக் குடும்பக் கம்பெனி. மாடிக்கு மேல் மாடி!

2007-ம் ஆண்டில் நார்வே நாட்டு அரசாங்கம், தன் மக்களின் பென்ஷன் பணத்தை இந்தக் கம்பெனியில் போடுவதில்லை என்று முடிவு செய்தது. சுற்றுச்சூழலுக்குக் கேடு என்பதை ஒரு காரணமாகச் சொன்னது. அந்தப் பட்டியலில் தூத்துக்குடி ஆலை நிறுவனத்தோடு, மேட்டூரில் இருந்த மெட்ராஸ் அலுமினியம் கம்பெனியும் இருந்தது. 2010-ல் இங்கிலாந்துத் திருச்சபையும் வேதாந்தா பங்குகளை விற்றுவிட்டது.

கம்பெனி குற்றச்சாட்டுகளை மறுத்தே வந்தது.

2013-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சுப்ரீம் கோர்ட்டு, சுற்றுச்சூழலைக் கெடுத்ததற்காக 100 கோடி ரூபாய் கட்டும்படி ஆலைக்கு உத்தரவிட்டது. 2018-ம் ஆண்டு மே மாதம் 22-ந் தேதி, ஆலையை மூடக் கோரிப் போராடிய மக்கள் மீது போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். 13 பேர் மாண்டார்கள். அந்த மாதம் 28-ந் தேதி ஆலையை நிரந்தரமாக மூட மாநில அரசாங்கம் உத்தரவிட்டது. 2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் கம்பெனியின் மனுவைச் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது.

பங்குக்காரருக்கு நஷ்டம். தொழிலாளிக்கு வேலை நஷ்டம். 13 வீடுகளில் உயிர் நஷ்டம். இவற்றில் கடைசி நஷ்டத்துக்கு எந்தச் சந்தையிலும் விலை கிடையாது.

நார்வேக்காரன் 2007-லேயே எச்சரிக்கை ஆனான். தூத்துக்குடிக் குடிமகன் தன் தெருவில் வீசும் காற்றைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கோர்ட்டுக்கு நடந்தான். இந்த நிலை சரியா?

இன்னொன்றும் நடந்தது. லண்டன் பங்குச் சந்தையில் அந்த மேல் கம்பெனி இருந்தவரை, ஆண்டுக் கூட்டத்துக்குப் போய்க் கேள்வி கேட்க முடிந்தது. 2018-ம் ஆண்டு அக்டோபரில் குடும்பம் எல்லாப் பங்குகளையும் வாங்கி, சந்தையிலிருந்து கம்பெனியை எடுத்துவிட்டது. அது சட்டப்படி சரிதான். ஆனால் கேள்வி கேட்க இருந்த ஒரு வாசல் அடைபட்டது.

சொன்னால் விலை ஏறுமா?

"சரி, கழிவுக் கணக்கை ஒழுங்காகச் சொன்னால் கம்பெனியின் பங்கு விலை உடனே ஏறுமா?"

ஏறும் என்று சத்தியம் செய்ய முடியாது. 'பெல்' கம்பெனியையே பாருங்கள். 2020-ம் ஆண்டு மார்ச்சு மாதம், கொரோனா பீதியில், அதன் பங்கு விலை 20 ரூபாய் அளவுக்கு விழுந்தது. 2024-ம் ஆண்டு ஜூலை மாதம் 300 ரூபாயைத் தாண்டியது. இடையில் நடந்தது என்ன? அனல் மின் நிலையங்களுக்கு மீண்டும் ஆர்டர்கள் வந்தன. சந்தை ஆர்டரைப் பார்த்தது, புகையைப் பார்க்கவில்லை.

ஆனால் இதே ஆலையின் இன்னொரு கதையையும் மறக்கக் கூடாது. அதற்கு முந்திய பத்தாண்டில் நிலக்கரி மின்சாரத்துக்கு ஆர்டர் குறைந்தது. உலகம் சூரிய ஒளி, காற்று என்று திரும்பியது. திருச்சியில் பாய்லர் ஆலையை நம்பியிருந்த சின்னச் சின்னப் பட்டறைகள் வேலை இல்லாமல் தவித்தன. பாட்டியின் மருமகன் வேலை பார்ப்பது அத்தகைய ஒரு பட்டறையில்தான்.

நிலக்கரி எத்தனை நாளைக்கு? அதற்குப் பிறகு என்ன செய்யப் போகிறோம்? இதை வெளிப்படையாகச் சொல்வதும் கழிவுக் கணக்கைச் சேர்ந்ததுதான். புகைபோக்கியைப் பற்றி மட்டும் சொன்னால் போதாது. விற்கும் சரக்கின் எதிர்காலத்தையும் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொண்டால்தான், பட்டறைக்காரர் புது மெஷின் வாங்கலாமா, வேறு தொழிலுக்குத் திரும்பலாமா என்று முடிவு செய்ய முடியும்.

ஆகவே, உண்மையைச் சொல்வது விலை ஏற்றும் மந்திரம் அல்ல. அது வீட்டுக்குப் போடும் தாழ்ப்பாள் போன்றது. தாழ்ப்பாள் போட்டதால் வீட்டில் பணம் பெருகாது. போடாவிட்டால் ஒரு நாள் இருப்பதும் போய்விடும்.

யாரிடம் எப்படிக் கேட்பது?

முதலாளி யார் என்பதைப் பொறுத்து, கேட்கும் இடமும் மாறும்.

குடும்பக் கம்பெனியில் ஒருவர் நினைத்தால் போதும், நல்லது விரைவில் நடக்கும். சிமெண்டு செய்யச் சுண்ணாம்புக் கல்லைச் சுட வேண்டும். சுட்டால் கல்லுக்குள் இருந்தே கரியமில வாயு வரும். உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் 100-க்கு 7, 8 பங்கு சிமெண்டால் வருகிறது. டால்மியா கம்பெனி 2018-ல் ஒரு வாக்குறுதி கொடுத்தது. 2040-ம் ஆண்டுக்குள், தான் வெளிவிடுவதை விட அதிகக் கரியமில வாயுவைக் காற்றிலிருந்து குறைக்கும் நிலைக்கு வருவதாகச் சொன்னது. பெரிய வார்த்தை. ஆனால் பாதிக்கு மேல் பங்கு குடும்பத்திடம் இருக்கும்போது, வாக்குத் தவறினால் வெளிப் பங்குக்காரர் என்ன செய்ய முடியும்? ஆண்டுதோறும் "இந்த ஆண்டு எவ்வளவு குறைந்தது?" என்று கணக்குக் கேட்பதுதான் ஒரே வழி.

அரசாங்கக் கம்பெனியில் வேறு சங்கடம். மாநில அரசாங்கம் ஆலை நடத்துகிறது. ஆலையைக் கண்காணிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாநில அரசாங்கத்தின் கீழ்தான் இருக்கிறது. ஆடுகிறவனும் நடுவனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்! அதனால் அரசாங்க ஆலை மற்ற ஆலைகளை விட ஒரு படி அதிகமாகவே கணக்குச் சொல்ல வேண்டும். "மக்கள் சொத்து" என்று பெயர்ப்பலகை வைத்தால், மக்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சந்தைக்கே வராத சிறு தொழில்களில், கேட்க யாருமே இல்லை. அங்கேதான் ஆபத்து அதிகம் என்பதை நொய்யல் காட்டியது.

சட்டம் இருக்கிறது, தமிழ் இல்லை

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது.

அனுமதி வாங்கி நடக்கும் ஆலைகள், எவ்வளவு தண்ணீர் செலவழித்தோம், எவ்வளவு கழிவு வெளியே போனது என்று ஆண்டுதோறும் செப்டம்பர் 30-ந் தேதிக்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதி 1990-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

அபாயக் கழிவு உள்ள ஆலைகள், அதன் விவரத்தை வாசலில் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2003-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு, 2012-ல் முதல் 100 பெரிய கம்பெனிகளுக்கு ஓர் அறிக்கையைக் கட்டாயமாக்கியது. 2022-23-ம் ஆண்டு முதல் அது விரிவான அறிக்கையாகி, முதல் 1,000 கம்பெனிகளுக்குக் கட்டாயம் ஆனது. மின்சாரம், தண்ணீர், கழிவு, கரியமில வாயு எல்லாம் அதில் வர வேண்டும்.

நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த அறிக்கை எப்படி இருக்கிறது? பக்கம் பக்கமாக இங்கிலீஷ். பட்டியல் மேல் பட்டியல். பம்பாயில் பணம் போடுகிறவர் படிக்கிறார். ஆலைச் சுவரை ஒட்டிக் குடியிருப்பவர் படிக்க முடியவில்லை. யாருடைய கிணற்றைப் பற்றி எழுதியிருக்கிறதோ, அவருக்கு அது புரியாது என்றால், அந்த அறிக்கையால் ஊருக்கு என்ன பயன்?

செய்ய வேண்டியது நாலு காரியம்.

ஒன்று: ஒவ்வொரு பெரிய ஆலையும் ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே ஒரு பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் கணக்கை எழுதி வாசலிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். சென்ற ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு: அதே பக்கத்தின் தலையில், ஆலையில் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுத வேண்டும். மாடிக்கு மேல் மாடியாகக் கம்பெனிகள் இருந்தால், கடைசி மாடியில் இருப்பவர் யார் என்று சொல்ல வேண்டும்.

மூன்று: எல்.ஐ.சி.யும் பிராவிடண்ட் பண்டும் மக்கள் பணத்தை வைத்திருக்கின்றன. பணம் போடும் கம்பெனியிடம் கழிவுக் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். நார்வேக்காரன் தன் மக்களுக்காகக் கேட்டதை, நம்மவர்கள் நமக்காகக் கேட்கக் கூடாதா?

நாலு: பங்குச் சந்தையில் இல்லாத தொழிலாக இருந்தாலும், ஆற்றில் கழிவு விடக் கூடிய தொழிலாக இருந்தால், அதற்கும் இந்த ஒரு பக்கக் கணக்கைக் கட்டாயம் ஆக்க வேண்டும்.

அதுவரை மக்கள் கை கட்டி இருக்க வேண்டியதில்லை. 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டணம் செலுத்தி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எந்த ஆலையின் அறிக்கையையும் கேட்கலாம். தமிழிலேயே எழுதிக் கேட்கலாம்.

"ஆலை ஓடிவிடும்!"

இதைச் சொன்னால் சிலர் பயம் காட்டுவார்கள். "இவ்வளவு கேட்டால் ஆலை வேறு ஊருக்கு ஓடிவிடும். பிள்ளைகளுக்கு வேலை போய்விடும்" என்பார்கள்.

அந்தப் பயத்தை அலட்சியம் செய்யக் கூடாது. வேலை போனால் அடுப்பு எரியாது. பட்டினி கிடப்பவனிடம் சுத்தமான காற்றின் பெருமை பேச முடியாது.

ஆனால் திருப்பூரில் வேலை போனது எதனால்? கணக்குக் கேட்டதாலா? கேட்காமல் விட்டதால்! தூத்துக்குடியில் ஆலை மூடியது எதனால்? ஊரும் ஆலையும் ஒன்றை ஒன்று நம்பாததால். நம்பிக்கை இருக்கும் இடத்தில் ஆலை நிலைக்கும். நம்பிக்கை, உண்மையைச் சொன்னால்தான் வரும்.

தவிர, கணக்குச் சொல்வது ஆலைக்கே லாபம். எவ்வளவு தண்ணீர் வீணாகிறது என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் மிச்சம் பிடிக்கத் தோன்றும். எரித்துத் தள்ளிய கரும்புச் சக்கை காகிதமானது அப்படி ஒருவர் எண்ணிப் பார்த்ததால்தானே!

கல்லில் எழுதிய கணக்கு

ஸ்ரீரங்கம் கோவிலுக்குப் போகிறவர்கள் ஒரு நாள் சுவர்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கட்டும். நூற்றுக் கணக்கான கல்வெட்டுகள். விளக்கு எரிக்க யார் பொன் கொடுத்தார், எந்த நிலம் யாரால் வந்தது, அதன் வருமானம் எதற்குச் செலவாக வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள்.

ஏன் கல்லில் வெட்டினார்கள்? பெட்டிக்குள் ஓலையாக வைத்துப் பூட்டியிருக்கலாமே! பொதுச் சொத்தின் கணக்கு, போகிற வருகிற எல்லார் கண்ணிலும் பட வேண்டும் என்பதால்தான்.

கோவில் விளக்குக்குக் கணக்கு உண்டு. காவிரித் தண்ணீருக்கு வேண்டாமா? நாம் சுவாசிக்கும் காற்றுக்கு வேண்டாமா?

பேரன் வளருவான். ஒரு நாள் அவனே காவிரிக் கரையோரமாகப் போவான். ஆலை வாசலில் தமிழில் ஒரு பலகை இருந்தால், எழுத்துக் கூட்டி அவனே படித்துவிடுவான். வீட்டுக்கு வந்து, "பாட்டி, வழியிலே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்பான்.

அந்தப் பலகையை எழுதி வைப்பது ஆலையின் கடமை. எழுதச் சொல்லிக் கேட்பது பாட்டியின் உரிமை. ஏனென்றால், ஆறும் அவளுடையது; ஆலையில் போட்ட பணமும் அவளுடையது!